ஒன்பது பேர் பட்டறை

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி பக்கத்துச் சந்துகளில் ஆள் கேட்டுத் தொங்கும் அட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. "டர்னர் தேவை." "விஎம்சி ஆபரேட்டர், செட்டர் தேவை. தங்கும் வசதி உண்டு." "ஹெல்ப்பர் உடனே தேவை." வெயிலில் எழுத்து வெளுத்த பிறகும் சில அட்டைகளைக் கழற்ற மாட்டார்கள். கழற்றினால் அடுத்த வாரம் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் அதே முதலாளி, இருக்கிற ஒருவரை எப்படி வெளியே அனுப்புவது என்று தெரியாமல் தொழிலாளர் சட்ட ஆலோசகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதும் உண்டு.

இங்கே பேசப்போவது ஆறிலிருந்து இருபது பேர் வரை வேலை செய்யும் பட்டறைகளைப் பற்றி. பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர், வால்வு, நூற்பாலை உதிரிபாகம் என்று பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் இடங்கள் இவை. ஹெச்ஆர் என்று தனியாக ஒருவர் கிடையாது. முதலாளி பக்கத்து லேத்தில் நின்றுகொண்டிருப்பார், இல்லாவிட்டால் டெம்போவில் சரக்கு ஏற்றிக்கொண்டிருப்பார். வீட்டம்மா கணக்குப் பார்ப்பார். ஆளைச் சேர்ப்பவர், வேலை சொல்பவர், தப்பைக் கண்டுபிடிப்பவர், சம்பளம் எண்ணிக் கொடுப்பவர், அந்த ஆள் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதுபவர் எல்லாம் ஒருவர்தான். நிர்வாகவியல் புத்தகங்கள் இந்தப் பாத்திரங்களைத் தனித்தனி நாற்காலிகளில் உட்கார வைத்துப் பேசுவதால், அவற்றின் யோசனை இங்கே பாதிதான் செல்லும்.

சண்டை வெடிப்பது நீக்கும் நாளில் என்பதால், ஆளை நீக்குவதுதான் கடினம் என்று பொதுவாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேர்க்கும் நாளில் எதையும் எழுதாமல் விட்டதற்கான விலையைத்தான் பெரும்பாலோர் நீக்கும் நாளில் கட்டுகிறார்கள். வாய்ப்பேச்சில் ஆள் வைத்துக்கொள்வது முதலாளிக்குச் சௌகரியமாகத் தெரியும். வேண்டும்போது வா, வேண்டாதபோது போ என்று சொல்லலாம் என்ற நினைப்பு. வழக்கு என்று வந்தால் அந்தச் சௌகரியமே அவர் கையைக் கட்டிப்போடுகிறது.

இந்த வாய்ப்பேச்சுப் பழக்கம் சோம்பேறித்தனத்தால் வந்ததில்லை. 1926இல் உருவான பிஎஸ்ஜி அறக்கட்டளையின் தொழிற்கூடம், 1930களில் வந்து சேர்ந்த பைக்காரா மின்சாரம், 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே செய்துகாட்டிய மின்மோட்டார் என்று இந்த ஊர் இயந்திரத் தொழிலுக்குள் வந்தபோது, வேலை கற்றுத்தரப் பள்ளிக்கூடங்கள் குறைவு. பட்டறையே பள்ளிக்கூடமாக இருந்தது. தோட்டத்தில் கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டிப் பழகிய பையன் மாமனோடு பட்டறைக்கு வந்தான். இரண்டு வருடம் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கி, டூலுக்குச் சாணை பிடிக்கப் பழகி, பிறகு மெஷினில் கை வைத்தான். பத்து வருடத்தில் அவனே ஒரு பழைய லேத்தை வாங்கிக் கொட்டகை போட்டான். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் இதே பாதையை ஆராய்ந்த ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில், உழவர் குடும்பத்திலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளியானவர்கள் தங்கள் உழைப்பையே முதலீடாகச் சொல்லிக்கொள்வதை விரிவாகக் காட்டியிருக்கிறார். கோவைப் பட்டறைகளுக்கும் அது பெருமளவு பொருந்தும். இந்தக் கதையில் வளர்ந்த முதலாளிக்கு, வேலைக்கு வருபவர் தன் பழைய உருவமாகத்தான் தெரிவார். "எனக்கு எவன் ஆர்டர் அடிச்சுக் குடுத்தான்? நானும் வாய் வார்த்தையிலதானே சேர்ந்தேன்" என்பார். அன்றைக்கு இரண்டு பக்கத்தையும் கட்டிப்போட ஊரும் உறவும் சாதியும் இருந்தன என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த உறவுக் கட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அப்போது மெஷின் பக்கமே இடம் கிடைக்கவில்லை என்பதையும்தான்.

இன்று மாமன் மச்சான் வழியில் ஆள் வருவது குறைந்துவிட்டது. பையன்கள் டிப்ளமோ, பி.இ. என்று போய்விட்டார்கள். சொந்தக்காரனைச் சேர்த்தால் கண்டிக்க முடியாது, கண்டித்தால் பங்காளிச் சண்டை என்ற பயமும் முதலாளிகளுக்கு உண்டு. ஆகவே முன்பின் தெரியாத ஆளைத்தான் சேர்க்க வேண்டும். அவருக்கு நேர்காணல் கிடையாது, ட்ரையல் உண்டு.

ட்ரையல் பார்ப்பது ஒரு கலை. 32 மில்லி எம்எஸ் ராடில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, ஒரு முனையை 25 மில்லிக்கு இறக்கச் சொல்வார்கள். கூடவோ குறையவோ 20 மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். மறுமுனையில் எம்20 மரை. கண் உள்ள முதலாளி பீஸை அளப்பதற்கு முன்பே பாதி முடிவுக்கு வந்துவிடுவார். மெஷினை ஓடவிடும் முன் சக் கீயைக் கழற்றி வைத்தாரா? டூல் முனையை டெயில்ஸ்டாக் சென்டரோடு ஒட்டிப் பார்த்து உயரம் வைத்தாரா, கண்ணளவில் இறுக்கிவிட்டாரா? மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்ததும் சீரோ பார்த்தாரா? சுற்றிக்கொண்டு வரும் இரும்புச் சுருளைக் கொக்கியால் இழுத்தாரா, கையால் பிடித்தாரா? கையுறையோடு லேத் முன்னால் வந்து நின்றால் ட்ரையல் அங்கேயே முடிந்தது. சுழலும் சக்கில் கையுறை நுனி மாட்டினால் கையும் சேர்ந்து போகும். கடைசியாக, வேலை முடிந்ததும் பெட்டைத் துடைத்துவிட்டு நகர்ந்தாரா என்பது. இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பார்க்க முடியாதவை இரண்டு: திங்கட்கிழமை வருவாரா என்பதும், பழைய இடத்தை ஏன் விட்டார் என்பதும். இரண்டாவது கேள்விக்குப் பதில் வேண்டுமானால் பழைய முதலாளிக்கு ஒரு போன் போட வேண்டும். ஆனால் அந்த முதலாளி தன் ஆளை இழந்த கோபத்தில் இருப்பார், அல்லது தொல்லை விட்டது என்று புகழ்ந்து தள்ளுவார். இரண்டையும் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும்.

ட்ரையல் நாளுக்குக் கூலி கொடுக்காமல் "நல்லா இருக்கு, சொல்லி அனுப்பறேன்" என்று அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு ட்ரையல் வைத்தே வேலையை முடித்துக்கொள்வதாக ஒரு பெயர் வந்துவிட்டால், அந்தப் பட்டறைக்கு நல்ல டர்னர் எவரும் வர மாட்டார். இந்தச் சந்துகளில் செய்தி டீக்கடை வழியாக ஒரே நாளில் சுற்றிவிடும்.

கணினி கட்டுப்படுத்தும் சிஎன்சி மெஷின் வந்த பிறகு ஆள் சேர்ப்பதன் கணக்கே மாறியது. பழைய லேத்தில் டர்னரின் கைதான் மூலதனம். சிஎன்சியில் அந்தத் திறமை மூன்றாகப் பிரிந்துவிட்டது: புரோகிராம் போடுபவர், செட்டிங் செய்பவர், பட்டனை அழுத்திப் பீஸை மாற்றி அளந்து வைக்கும் ஆபரேட்டர். ஆபரேட்டரை ஒரு மாதத்தில் பழக்கிவிடலாம் என்பதால் முதலாளிகள் நிம்மதி அடைந்தார்கள். நிம்மதி நீடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பழகியவர் எங்கே போனாலும் அதே வேலைதான் என்பதால், 500 ரூபாய் கூடக் கிடைக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார். செட்டரோ ஒருவர்தான் இருப்பார். அவர் லீவு போட்டால் நாலு மெஷின் படுத்துவிடும். பட்டறையின் உண்மையான அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது அந்த ஒரு நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஓரளவு விவரமான முதலாளி இரண்டாவது செட்டரைத் தானே உருவாக்குவார், இல்லையென்றால் தானே செட்டிங் கற்றுக்கொள்வார்.

ஹெல்ப்பர், ஆபரேட்டர் வேலைகளில் பாதிக்குமேல் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், அசாம் இளைஞர்கள் என்று ஆகிவிட்ட பட்டறைகள் பல. அவர்களில் ஒருவர் நன்றாக அமைந்தால் அவரே அடுத்த ஆறு பேருக்கு வழி. ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் ஆறு பேரும் போவார்கள். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. ஹோலிக்கு ஊர் போகும் நேரமும் சேர்ந்துகொண்டதில் ஷெட்டுகள் காலியாயின. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் பார்த்துப்போகும் அளவுக்கு அது வளர்ந்தது. அந்த வாரத்தில் தங்கும் அறைக்கே போய் உட்கார்ந்து பேசிய முதலாளிகளிடம் ஆட்கள் நின்றார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அறை என்று ஒன்று ஒழுங்காக இருந்திருந்தால்தான் போய் உட்காரவும் முடியும். மெஷினுக்கு மேலே தகரக் கொட்டகையில் எட்டுப் பேரைப் படுக்கவைத்துவிட்டு விசுவாசம் பற்றிப் பேசுவது வீண்.

ஐடிஐ வழியும் இருக்கிறது. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரோ அதற்குமேலோ இருந்தால் பயிற்சியாளர் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்கள் விரும்பினால் எடுக்கலாம். 2016இல் வந்த தேசிய பயிற்சித் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசு தரும். சின்னப் பட்டறைகள் இதைக் கண்டுகொள்வதில்லை. போர்ட்டலில் பதிவு செய்யவே ஒருவர் வேண்டும் என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

இனி, இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். கோவைப் பட்டறைகளில் ஒன்பது என்பது மந்திர எண். பத்தாவது ஆள் வந்தால் இஎஸ்ஐ வரும், கிராஜுவிட்டி வரும். பழைய 1948 சட்டப்படி மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் என்றால் தொழிற்சாலை என்ற பெயரும் வந்தது. இருபதாவது ஆளோடு பிஎஃப் வரும். எனவே ஒன்பதில் நிறுத்து, அல்லது பத்தொன்பதில் நிறுத்து. நிறுத்த முடியாவிட்டால் பாதியை மனைவி பெயரில் இன்னொரு கம்பெனியாக்கு. ஒரே கூரை, ஒரே மின் இணைப்பு, ஒரே நிர்வாகம் என்று இருந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எண்ண பிஎஃப் அதிகாரிக்குத் தெரியும் என்பது மட்டும் ஆலோசகர்கள் முன்கூட்டிச் சொல்லாத சங்கதி.

இந்தத் தவிர்ப்பால் மிச்சம் எவ்வளவு? ஒன்பது பேருக்குச் சராசரி 18,000 ரூபாய் சம்பளம் என்று வைப்போம். மொத்தம் 1,62,000. இஎஸ்ஐயில் முதலாளி பங்கு 3.25 விழுக்காடு; மாதம் 5,265 ரூபாய். இப்போது பவர் பிரஸ்ஸில் 25 வயது ஆபரேட்டர் ஒருவருக்குக் கட்டைவிரல் போய்விட்டது என்று கொள்வோம். இஎஸ்ஐ இல்லாத இடத்தில் 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த இழப்பீட்டுக் கணக்கு வரும். கட்டைவிரல் இழப்புக்கு 30 விழுக்காடு. சம்பள உச்சவரம்பு 15,000. அதில் 60 விழுக்காடு 9,000. 25 வயதுக்கான பெருக்கல் எண் 216.91. பெருக்கிப் பார்த்தால் 5,85,000 ரூபாய்க்குமேல் வருகிறது, முழுவதும் முதலாளியின் கையிலிருந்து. அதாவது ஒன்பது பேருக்கும் ஒன்பது வருடம் கட்டியிருக்கக்கூடிய இஎஸ்ஐ பணம் ஒரு விரலில் போய்விடும். உண்மையிலேயே ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்றால், இதற்காகவே உள்ள காப்பீட்டு பாலிசியை எடுத்துவைப்பதுதான் புத்தி. பதினொரு பேரை வைத்துக்கொண்டு ஒன்பது பேர் என்று காட்டுபவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

பட்டறையில் ஆளைத் தக்கவைக்க முதலாளிகள் நம்பும் பெரிய ஆயுதம் அட்வான்ஸ். தங்கைக் கல்யாணம், அம்மாவுக்கு ஆபரேஷன், பைக் என்று ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. கடன் தீரும்வரை ஆள் போக மாட்டார் என்பது கணக்கு. இந்தக் கணக்கு ஏன் தப்புகிறது என்பதற்கு நல்ல ஆய்வே இருக்கிறது. குமாரபாளையம் விசைத்தறிகளில் களப்பணி செய்த மானுடவியலாளர் ஹெயர்ட் டி நெவே, அங்கே பாக்கி என்று புழங்கும் முன்பணத்தைப் பற்றி 1999இல் எழுதினார். ஆளைக் கட்டிவைக்கக் கொடுத்த பணம், ஆள் தட்டுப்பாடு வந்ததும் தொழிலாளியின் பேரம் பேசும் பலமாக மாறிவிட்டதை அவர் காட்டுகிறார். கூடப் பாக்கி தருகிற தறிக்காரரிடம் வாங்கிப் பழைய பாக்கியை அடைத்துவிட்டு நகரலாம், அடைக்காமலும் நகரலாம். கொடுத்தவர்தான் தேடிக்கொண்டு அலைவார். தெற்கு குஜராத்தை ஆராய்ந்த யான் பிரெமன் இத்தகைய முன்பணத்தைப் புதிய கொத்தடிமை முறை என்றார். இருவர் சொல்வதும் தத்தம் இடத்தில் சரி என்றே நினைக்கிறேன். ஆள் மலிந்த இடத்தில் முன்பணம் விலங்கு, ஆள் அரிதான இடத்தில் அது முதலாளி கட்டும் நுழைவுக் கட்டணம். கோவை இரண்டாவது வகை. "கடன் தீராமல் வேலையை விடக் கூடாது" என்று எழுதி வாங்கும் முதலாளி மட்டும் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் பக்கம் போய் நிற்கிறார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பணம் கொடுத்ததற்கு ரசீது எழுதலாம், தவணையும் எழுதலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

பிடித்தம் என்றதும் ரிஜெக்‌ஷன் நினைவுக்கு வருகிறது. நூறு பீஸில் பன்னிரண்டு கம்பெனியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மெட்டீரியல் காசு, டெம்போ வாடகை எல்லாம் நஷ்டம். சனிக்கிழமை சம்பளத்தில் முதலாளி கழித்துவிடுகிறார். சட்டம் இதை அடியோடு தடுக்கவில்லை. சேதத்துக்குப் பிடிக்கலாம், ஆனால் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகு. அபராதம் என்றால் அந்தத் தவணைச் சம்பளத்தில் 3 விழுக்காடுதான் எல்லை. சட்டத்தை விடுங்கள், பட்டறைப் பார்வையிலேயே இது மோசமான வழி. ஒருமுறை பணம் பிடிபட்ட ஆபரேட்டர் அடுத்த முறை தப்பான பீஸை ஸ்கிராப் டிரம்முக்கு அடியில் புதைத்துவிடுவார். தப்பு நடந்த நிமிடத்தில் "அண்ணா, ஆஃப்செட் மாறிடுச்சு" என்று வந்து சொல்பவருக்கு ஒரு பீஸோடு நஷ்டம் முடியும். சொல்லப் பயந்தவரால் ஐம்பது பீஸ் போகும். தினமும் முதல் பீஸை முதலாளியே அளந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பட்டறைகளில் இந்தத் தகராறு வெகுவாகக் குறைந்திருப்பதைப் பார்க்கிறேன்.

மற்றபடி தக்கவைக்கும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் தவறாமல் கைக்கு வர வேண்டும். கம்பெனியிலிருந்து பேமெண்ட் வரவில்லை என்பது ஆளுக்குத் தேவையில்லாத கதை. ஓவர்டைம் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு என்பது சட்டம்; ஒன்றரை கொடுத்தாலே பெரிது என்பது பல பட்டறைகளின் வழக்கம். தீபாவளி போனஸை எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால் நல்ல டர்னர் முகம் சுளிப்பார். வித்தியாசம் காட்டினால் மீதிப் பேர் சுளிப்பார்கள். இதற்குத் தீர்வு கண்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. காயில் வைண்டிங், அசெம்பிளி வேலைகளில் பெண்கள் இருக்கும் இடங்களில் ஒழுங்கான கழிப்பறையே பாதித் தக்கவைப்பு. பத்துப் பேரோ அதற்குமேலோ இருந்தால் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்புகார்க் குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பட்டறைகளில் அப்படி ஒன்று இருப்பதை விரல்விட்டு எண்ணலாம்.

இப்போது வெளியே அனுப்பும் விஷயம். பட்டறையில் "உன்னை நீக்கிவிட்டேன்" என்று எவரும் சொல்வதில்லை. முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு பழகிய மெஷினிலிருந்து எடுத்து டிரில்லிங்கில் போடுவார்கள். முதலாளி முகம் கொடுத்துப் பேச மாட்டார். அவராகவே நின்றுவிட்டால் நல்லது. நிற்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போன்: "தம்பி, ஆர்டர் கம்மியா இருக்கு. நாளைக்கு வர வேண்டாம், கூப்பிடறேன்." கூப்பிடுவதில்லை. மூன்று வாரம் கழித்துத் தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடமிருந்து தபால் வரும்போதுதான் முதலாளிக்கு விஷயம் புரியும். "என் வீட்டுப் பையன் மாதிரி பார்த்தேனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டான்" என்பதுதான் எல்லா முதலாளிகளும் சொல்லும் முதல் வாக்கியம். வீட்டுப் பையனைப் போனில் அனுப்புவார்களா என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் கிடையாது.

தனி ஒருவரின் நீக்கத்தையும் தொழில் தகராறாகக் கருதும் பிரிவு தொழில் தகராறுச் சட்டத்தில் 1965இலேயே வந்துவிட்டது. சங்கம் இல்லாவிட்டாலும் வழக்குப் போடலாம். 2010 திருத்தத்துக்குப் பிறகு, சமரசம் 45 நாளில் முடியவில்லை என்றால் தொழிலாளி நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று ஆனது. அங்கே முதலாளி வழக்கமாக எடுக்கும் நிலை, "நான் நீக்கவே இல்லை, அவராகத்தான் வரவில்லை" என்பது. இது பலிப்பதில்லை. டி.கே. யாதவ் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம், சொல்லாமல் வராமல் இருந்தால் வேலை தானாகப் போய்விடும் என்று கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணையிலேயே எழுதியிருந்தாலும், விளக்கம் கேட்டு விசாரிக்காமல் பெயரை அடிக்கக் கூடாது என்றது. நிலையாணை வைத்திருந்த கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், வருகைப் பதிவேடே இல்லாத பட்டறைக்கு என்ன மிஞ்சும்? அவர் வராத நான்காவது நாள் ஒரு ஸ்பீட் போஸ்ட், பத்தாவது நாள் இன்னொன்று, "வேலைக்கு வாருங்கள், வராததற்குக் காரணம் சொல்லுங்கள்" என்று. மொத்தச் செலவு சொற்பம். இதைச் செய்யாமல் வக்கீலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். வடநாட்டு ஆள் என்றால் தபால் போட விலாசமே இருக்காது. ஆளைச் சேர்த்த அன்றே ஆதார் நகலை வாங்கி வைத்திருந்தால் இருக்கும்.

திருட்டு, அடிதடி, குடித்துவிட்டு மெஷினில் நிற்பது போன்றவற்றுக்கு நீக்கலாம். அதற்குக் குற்றச்சாட்டுக் கடிதம், பதில், உள்விசாரணை, சாட்சி, முடிவு என்று வரிசை உண்டு. சின்னப் பட்டறையில் இதற்கு ஒரு விசித்திரமான இடையூறு: புகார் சொல்பவரும் விசாரிப்பவரும் தண்டனை தருபவரும் ஒரே முதலாளி. வெளியாள் ஒருவரை விசாரணை அதிகாரியாக வைத்தால்தான் நிற்கும். அதையும் தாண்டி, தண்டனை அதிகம் என்று தோன்றினால் குறைக்க 1971 முதல் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. காப்பர் வயரைத் திருடியவரை எச்சரித்து விட்ட முதலாளி, ஆறு மாதம் கழித்து எதிர்த்துப் பேசியதற்காக நீக்கினால், நீதிமன்றத்தில் திருட்டைப் பற்றிப் பேசவே முடியாது. அன்றைக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லையே. மீண்டும் வேலை கொடு என்று தீர்ப்பாகி, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போனால், அவர் வேறு வேலையில் இல்லாதவரை, வழக்கு நடக்கும் காலம் முழுக்கக் கடைசிச் சம்பளத்தைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சமரச மேசையிலேயே போட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே பேசி முடித்துக்கொள்கிறார்கள். பேசி முடிப்பதைத் தோல்வி என்று நினைக்கும் முதலாளிதான் ஐந்து வருடம் அலைகிறார்.

ஆர்டர் இல்லாமல் ஆளைக் குறைப்பது வேறு விஷயம். அதில் ஆள் மேல் தப்பில்லை. ஒரு வருடம் வேலை செய்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்தச் சம்பளம், வருடத்துக்கு 15 நாள் வீதம் இழப்பீடு, கடைசியில் வந்தவர் முதலில் போவது என்பவை விதிகள். 2020 ஊரடங்கில் இந்த விதிகளை நினைத்துப் பார்த்தவர் குறைவு. கடைசியில் வந்தவர் சிஎன்சி தெரிந்த பையன், முதலில் வந்தவர் கண் மங்கிய பழைய டர்னர் என்றால் விதி கசக்கத்தான் செய்யும். காரணத்தை எழுதி வைத்தால் வரிசையை மாற்ற இடம் உண்டு.

பத்துப் பேர் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி. நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் ஆகியிருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் சொல்லியிருக்கிறது. 18,000 வாங்கியவருக்கு 12 வருடத்துக்கு 15/26 கணக்கில் 1,24,615 ரூபாய் ஆகும். மாதாமாதம் ஒதுக்கி வைத்தால் தெரியாது. ஒரே நாளில் கேட்டால் மெஷின் லோன் தவணை தள்ளிப்போகும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கை மின்சாரம் உள்ள இடத்தில் 10லிருந்து 20 ஆனது, சின்னப் பட்டறைக்குச் சலுகை. நியமனக் கடிதம் வேண்டும் என்பதும், வேலையை விட்டாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பதும், குறித்த காலத்துக்கு மட்டும் எடுத்த ஆளுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி என்பதும் மறுபக்கம். இந்த இரண்டு நாள் விதி பட்டறைப் பழக்கத்துக்கு நேர் எதிரானது. போகிற ஆளின் கடைசி வாரச் சம்பளத்தைப் பிடித்துவைத்து, "மாற்று ஆள் பழக்கிவிட்டுப் போ, அப்புறம் தருகிறேன்" என்பதுதான் இங்கே வழக்கம். நியமனக் கடிதத்தை ஒன்பது பேர் பட்டறையும் கொடுக்கலாம். ஒரு பக்கம் போதும். பெயர், விலாசம், சேர்ந்த தேதி, வேலை, சம்பளம், ஓவர்டைம் வீதம், எத்தனை மாதம் தற்காலிகம், விலக எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும் என்பவற்றைத் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் சரி. இந்தி மட்டும் தெரிந்தவருக்கு இந்தியில்.

கடைசியாக, யாரும் நீக்காமலும் சொல்லாமல் நின்றுவிடாமலும் போகிற ஒருவர் இருக்கிறார். பட்டறையின் மிகச் சிறந்த டர்னர் அவர்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, "அண்ணா, தனியா பண்ணலாமுன்னு இருக்கேன்" என்று வந்து நிற்பார். கஸ்டமரைக் கொண்டுபோய்விடுவார் என்று பயந்து அவரைத் துரோகியாக்கும் முதலாளிகள் உண்டு. வாடிக்கையாளரைத் தொடக் கூடாது என்று கையெழுத்து வாங்கப் பார்ப்பவர்களும் உண்டு. வேலையை விட்ட பிறகும் ஒருவரின் தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தத்தை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு செல்லாததாக்கி வைத்திருக்கிறது. எனவே அந்தக் காகிதம் பயன்படாது. காலங்காலமாக இங்கே நடப்பது இன்னொரு ஏற்பாடு. மூலையில் கிடக்கும் பழைய லேத்தை அவருக்கே கொடுத்துவிடுவது, அதன் விலையில் அவருக்கு வர வேண்டியதைக் கழித்துக்கொள்வது, மீதியை ஜாப் ஒர்க் பில்லில் பிடிப்பது. தனக்கு மிஞ்சும் வேலையை முதலாளி அவருக்கே அனுப்புவார். இந்தச் சந்துகளில் பாதிக் கொட்டகை இப்படி முளைத்தவைதான். அந்த ஏற்பாட்டையும் வாயால் முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். கிராஜுவிட்டியை லேத்தாகக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. பணத்தை வங்கி வழியாக அவர் கணக்குக்கு அனுப்பிவிட்டு, லேத்துக்குத் தனியாக ஜிஎஸ்டி பில் போட்டு, அதற்கான தொகையை அவர் திருப்பி அனுப்பட்டும். பணம் இங்கிருந்து அங்கே போய் மறுநாள் திரும்பி வரும். ஆடிட்டர் சிரிக்கலாம், வங்கி மேலாளர் ஏன் என்று கேட்கலாம். இரண்டு பட்டறையின் கணக்குப் புத்தகத்திலும் ஆளுக்கு இரண்டு வரி இருக்கும்.